கடைசி அலகுக்கு இரண்டு பாடவேளை தாருங்கள்

திருகோணமலை வலயத்து உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர்களுக்கும், ஆசிரிய ஆலோசகர்களுக்கும், தவணை வினாத்தாள் தயாரிப்போருக்கும்,

வணக்கம்.

கடைசி அலகு என்பதால் கருப் பௌதிகம் பல வகுப்புகளில் நாலைந்து சூத்திரமாகச் சுருங்கிவிடுகிறது. அதற்கு இரண்டு பாடவேளைச் செய்முறையும், வினாத்தாளில் சில திருத்தங்களும் கேட்டே இம்மடல்.

செய்முறைக்குக் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் எதுவும் வேண்டாம். ஒரு முகத்துக்கு மட்டும் நிறம் பூசிய மரச் சதுரமுகிகள் 100, மூடியுள்ள பெட்டி ஒன்று. ஒவ்வொரு சதுரமுகியும் ஒரு கரு; நிறமுகம் மேலே வந்தால் அது தேய்ந்துவிட்டதாகக் கொள்ளலாம். குலுக்கிக் கொட்டி, நிறமுகம் மேலே வந்தவற்றை அகற்றி, மிஞ்சியதை எண்ணி, அதையே மறுபடி குலுக்க வேண்டும். 100, 83, 69, 58, 48, 40 என்ற போக்கில் குறையும். கட்டை கோணலாக அறுபட்டிருந்தால் அகன்ற முகத்திலேயே படுத்துக்கொள்ளும், கணக்குக் கெடும். பத்தாவது எறிகையில் 16 அளவில்தான் மிஞ்சும். அதில் நாலு கூடுவதும் குறைவதும் இயல்பு. ஆகவே ஐந்து குழுக்களின் எண்ணிக்கையைக் கூட்டி, அதன் இயற்கை மடக்கையை எறிகைக்கு எதிரே வரையச் சொல்லுங்கள். ஏறத்தாழ நேர்கோடு வரும்; படித்திறன் −0.182 ஐ அண்டியிருக்கும்.

கெட்டிக்காரப் பிள்ளை இங்கேதான் மறிப்பாள். நிகழ்தகவு 1/6 தானே, 2 இன் இயற்கை மடக்கையான 0.693 ஐ அதனால் வகுத்தால் அரைவாழ்வு (பாதியாகக் குறைய ஆகும் காலம்) 4.16 எறிகை, வரைபில் ஏன் 3.8 வருகிறது என்பாள். பரிசோதனை வழு என்று சொல்லித் தப்பிவிடாதீர்கள். தேய்வு மாறிலியை, அதாவது தேயும் வீதத்தைக் குறிக்கும் எண்ணை, நிகழ்தகவாக எடுப்பது மிகச் சிறிய நேர இடைவெளிக்கே பொருந்தும். ஒரே எறிகையில் ஆறில் ஒன்று போய்விடும் இடத்தில் 6/5 இன் இயற்கை மடக்கையான 0.182 தான் மாறிலி. இந்த ஒரு கேள்விக்காகவே செய்முறை தகும்.

அடுத்தது திணிவுக் குறைபாடு, அதாவது துணிக்கைகள் சேர்ந்து கருவாகும்போது குறையும் திணிவு. ஐதரசன் அணு 1.007825, நியூத்திரன் 1.008665, ஈலியம் அணு 4.002603 அணுத்திணிவு அலகு. முதலிரண்டையும் இரண்டிரண்டாகக் கூட்டி ஈலியத்தைக் கழித்தால் 0.030377, அதற்கு ஈடான பிணைப்புச் சக்தி 28.3 மில்லியன் இலத்திரன்வோல்ற்று. சுருக்கிப் பழகியவர்கள் இரண்டு தசமதானத்தோடு நின்றால் 37 வந்து நிற்கும். ஐதரசன் அணுவுக்குப் பதிலாகப் புரோத்தனின் 1.007276 ஐப் போட்டுவிட்டு ஈலியத்துக்கு மட்டும் அணுத்திணிவை வைத்தால் 27.3 வரும்; இரண்டு இலத்திரன்களின் திணிவு கணக்கில் விடுபட்டதே காரணம். தந்தது அணுவின் திணிவா, கருவின் திணிவா என்று வினாத்தாளில் எழுதிவிடுங்கள். ஆறு தசமதானமும் தாருங்கள்.

உதாரணத்துக்கு வெளியூர் போகத் தேவையில்லை. புல்மோட்டைக் கனிய மணலில் உள்ள மொனசைற்று என்ற கனியத்தில் கதிர்த்தொழிற்பாடுள்ள தோரியம் இருக்கிறது. தோரியம்-232 இன் அரைவாழ்வு 1,405 கோடி ஆண்டு. ஒரு கிராமின் தொழிற்பாடு செக்கனுக்கு ஏறத்தாழ 4,060 தேய்வு. ஒரு கிராம் ரேடியம்-226 க்கோ 3.7 × 10¹⁰. அரைவாழ்வு நீண்டால் ஆபத்துக் கூடும் என்ற எண்ணம் இந்த ஒப்பீட்டிலேயே உடையும். ஆண்டைச் செக்கனாக மாற்ற மறந்த மாணவருக்குத் தோரியம் 1.28 × 10¹¹ ஆகி ரேடியத்தையே விஞ்சிவிடும். விடையைத் தானே சந்தேகிக்கப் பழக்க இதைவிட நல்ல கணக்குக் கிடையாது. தோரியம்-232 படிப்படியாகத் தேய்ந்து ஈயம்-208 ஆகும் வரை எத்தனை அல்பாத் துணிக்கை, எத்தனை பீற்றாத் துணிக்கை வெளிவரும் என்றும் கேட்கலாம்: 6 உம் 4 உம். திணிவெண்ணிலிருந்து முதலில் அல்பாவைக் கண்டபின்பே அணுவெண்ணுக்குப் போக வேண்டும்.

மணலை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். வெளியில் நின்றால் அல்பாவைத் தோலின் மேற்படையே தடுத்துவிடும். தூசாக உள்ளே போனால் நுரையீரலில் அந்தத் தடுப்பு இல்லை.

இப்படிக்கு,
திருகோணமலைப் பௌதிகவியல் பட்டதாரிகள் சிலர்