பெரியவர்களுக்கும் மழலையருக்கும் ஒரே கூரையின் கீழ் எழுத்தறிவு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். எழுதப் படிக்கும் வாய்ப்பை இளமையில் இழந்த பெரியவர்களுக்கும், பள்ளிப் பருவத்தை இன்னும் எட்டாத குழந்தைகளுக்கும் சேர்த்து மாலை நேர வகுப்புகளைச் சிறிய அளவில் நடத்தி வருகிறோம். அவற்றை நிலையான வகுப்புகளாக விரிவுபடுத்தவும், அவற்றோடு ஒரு நூலகத்தை அமைக்கவும் தங்கள் பொருளுதவியை நாடி இம்மடலை எழுதுகிறோம்.

செப்டம்பர் 8-ஆம் நாளை அனைத்துலக எழுத்தறிவு நாளாக யுனெஸ்கோ அறிவித்தது 1966-இல். அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்தும், உலகில் 70 கோடிக்கும் மேற்பட்டோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாகவே இருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பெண்கள். குழந்தைக்கு முதன்முதலில் பேச்சையும் கதையையும் தருபவர்களில் பலர் இவர்களே என்பதால், தாயின் படிப்பையும் பிள்ளையின் படிப்பையும் தனித்தனி வேலைகளாக எங்களால் பார்க்க முடியவில்லை.

"கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதாதா?" என்று நல்லெண்ணம் கொண்டவர்களே எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். போதாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. பெயரை மட்டும் எழுதப் பழகியவர், தாம் ஒப்பமிடும் தாளில் என்ன இருக்கிறது என்பதை அறியாமலேயே அதற்குப் பொறுப்பாளி ஆகிறார். கடன் பத்திரத்தையும் மருந்துச் சீட்டையும் பிறர் உதவியின்றித் தாமே படித்துப் பொருள் கொள்ளும் நிலையை ஒருவர் எட்டும்போதுதான் அவரை எழுத்தறிவு பெற்றவர் என்போம். அந்த நிலைக்குச் சில வாரங்கள் போதா. பல மாதங்கள் வேண்டும். எங்கள் செலவுக் கணக்கின் பெரும்பகுதியும் இதிலிருந்தே எழுகிறது.

1960-களில் பிரேசில் நாட்டில் பாவ்லோ ஃபிரேயிரே என்னும் கல்வியாளர், கற்பவர்களின் அன்றாட வாழ்க்கையில் புழங்கும் சொற்களிலிருந்தே எழுத்தைக் கற்பித்துக் காட்டினார். நாங்களும் 247 எழுத்துகளை வரிசையாக ஒப்பிக்கச் சொல்வதில்லை. எளிய வடிவம் கொண்ட ட, ப, ம ஆகியவற்றில் தொடங்கினால், 'படம்', 'பட்டம்' என முதல் மாலையிலேயே முழுச்சொற்களைப் படித்துவிட முடிகிறது. அந்த நம்பிக்கைதான் அவர்களை மறுநாளும் வரவைக்கிறது. கடினமான இடம் பின்னால் வருகிறது. 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு முன்னும் கால் பின்னுமாக நிற்க, உயிரொலியோ மெய்க்குப் பின்னரே ஒலிக்கிறது. கண் செல்லும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் பொருந்தாத இந்த இடத்தில் பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் அமர்ந்து பொறுமையாகச் சொல்லித்தர ஆள் இருந்தால் இதைக் கடந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ஓரிரு வகுப்புகள் மட்டும் படித்துவிட்டு நின்ற மூத்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: 'னை', 'லை' போன்றவற்றின் பழைய வடிவங்கள் நினைவிலிருக்க, இன்றைய வடிவங்கள் அவர்களுக்குப் புதியவை.

இன்னொன்றையும் வகுப்பறையில் கண்டோம். நாற்பதைக் கடந்த அம்மையார் ஒருவர் புத்தகத்தைக் கை நீட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மண்டையில் ஏறவில்லை" என்று வருந்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்ததும் அதே வரியைத் தட்டுத்தடுமாறிப் படித்து முடித்தார். அவருக்கு இருந்த குறை, வயதால் அருகிலிருப்பது தெளிவாகத் தெரியாத வெள்ளெழுத்து மட்டுமே. ஆகவே கண் பரிசோதனையும் கண்ணாடியும் எங்கள் செலவுத் திட்டத்தில் பாடநூலுக்கு இணையான இடத்தைப் பெறுகின்றன.

குழந்தைகள் பகுதியில் எழுதும் பயிற்சிக்கு நாங்கள் அவசரப்படவில்லை. விரல்கள் உறுதிபெறும் முன் பென்சிலைத் திணிப்பதைவிட, கதை கேட்பதும், பாட்டுப் பாடுவதும், ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைத் தேடி விளையாடுவதும் பின்னாளைய வாசிப்புக்கு நல்ல அடித்தளம் அமைக்கின்றன. வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகளும் வருகிறார்கள். அந்த மொழியை விட்டுவிடச் சொல்லாமல், அதிலும் கதை சொல்ல அவர்களை ஊக்குவிக்கிறோம். இறுதி அரைமணி நேரம் பெரியவர்களும் குழந்தைகளும் ஒன்றாக அமர்வார்கள். பக்கத்துக்கு ஓரிரு வரிகள் மட்டும் பெரிய எழுத்தில் அச்சான படக்கதை நூல் இருவருக்கும் பொருந்துகிறது. தாய் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். பிள்ளை படத்தைப் பார்த்துக் கதையை முந்திச் சொல்லிவிடுகிறது.

புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்குத் தொடர்ந்து படிக்க ஏதும் கிடைக்காவிட்டால், கற்றது விரைவில் மறந்துபோகும். நூலகத்தை வகுப்பின் இரண்டாம் பாதி என்றே கருதுகிறோம். பெரிய எழுத்து நூல்கள், பயிற்சி ஏடுகள், கண்ணாடிகள், ஆசிரியர்களுக்கான மதிப்பூதியம், இடத்துக்கும் விளக்குக்கும் ஆகும் செலவு ஆகியவற்றுக்கே தங்கள் நன்கொடை பயன்படும். திறப்பு விழாவுக்கோ பெயர்ப்பலகைக்கோ அதிலிருந்து எதுவும் செலவிடப்படாது.

ஒரே தவணையில் பெருந்தொகை தருவதைக் காட்டிலும், இயன்ற சிறு தொகையை மாதந்தோறும் தருவதே எங்களுக்குப் பெரிதும் உதவும். ஆண்டு முழுவதும் ஆசிரியரை நிறுத்திவைத்துக்கொள்ள அதுவே வழி. தொகையைக் குழுவின் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். வரவு செலவுக் கணக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். ரசீதுகளையும் கணக்கேடுகளையும் நன்கொடையாளர் எவரும் நேரில் வந்து சரிபார்க்கலாம்.

பணமாகத் தர இயலாதவர்கள் வாரத்தில் ஒரு மாலை வந்து கற்பவர் ஒருவருடன் அமர்ந்து படிக்கலாம். நல்ல நிலையிலுள்ள சிறுவர் நூல்களையும் தரலாம். தங்கள் வீட்டிலோ பணியிடத்திலோ படிக்க விரும்பியும் வெட்கத்தால் தயங்கும் ஒருவர் இருந்தால், முதல் நாள் மட்டும் அவருடன் துணைக்கு வாருங்கள்.

நன்றியுடன்,
எழுத்தறிவுத் திட்டக் குழுவினர்