இன்றே கேட்டுச் சொல்

அன்புள்ள தம்பிக்கு,

குட்டிக்கு அம்மை போட்டிருப்பதை நேற்றுதான் சொல்கிறாய். முதல் கொப்புளம் கிளம்பிய அன்றே சொல்லியிருக்கலாம். போனையும் அவசரமாக வைத்துவிட்டாய், கேட்க நினைத்ததைக் கேட்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சின்னம்மைதான், பயப்படாதே. நர்சாக ஊர் ஊராகப் போய் எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், எடைக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடு. ஆஸ்பிரின் கூடவே கூடாது. இபுபுரூஃபனும் வேண்டாம், அம்மை நேரத்தில் தோலில் பெரிய தொற்றைக் கொண்டுவந்துவிடலாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடு. அரிப்புக்குக் காலமைன் லோஷன் தடவு. வாசலில் வேப்பிலை கட்டு, மாரியாத்தாளுக்கு வேண்டிக்கொள். ஆனால் தலைக்கு ஊற்றும் நாள் வரை குளிப்பாட்டாமல் வைக்காதே. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடு. வாய்க்குள்ளும் புண் இருக்கும், ஆறின கஞ்சியும் இளநீரும் கொடு. கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ, விட்ட காய்ச்சல் திரும்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ, ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ.

குட்டி தேறிவிடுவான். என் கவலை மருமகளைப் பற்றி. அவளுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருக்கிறதா? தடுப்பூசியாவது போட்டார்களா? சம்பந்தியம்மாவிடம் நான் கேட்டால் வேறு மாதிரி நினைப்பார்கள். நீ கேள்.

பொங்கலுக்கு வந்தபோது காபி டம்ளரைத் தொடாமலே தள்ளி வைத்தாள். நான் எதுவும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் நீங்களே சொல்வீர்கள். ஆனால் விசேஷம் ஏதாவது இருந்தால் இது காத்திருக்கிற சமாச்சாரம் இல்லை தம்பி. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அம்மை ஒட்டத் தொடங்கிவிடும், அப்போதும் குட்டி அவள் மடியில்தானே கிடந்திருப்பான். முன்பு வராதவளாக இருந்தால் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் அதற்கென்று எதிர்ப்புச் சக்தி தரும் ஊசி இருக்கிறது, தடுப்பூசி இல்லை, இது வேறு; அம்மை ஒட்டக்கூடிய நாளில் குட்டியோடு இருந்ததிலிருந்து 10 நாளுக்குள் போட வேண்டும், சீக்கிரம் போடுவதே நல்லது. கிளினிக்குக்குப் போன் செய்துவிட்டுப் போங்கள், அங்கே மற்ற கர்ப்பிணிகளும் உட்கார்ந்திருப்பார்கள்.

அதுவரை குட்டியைக் குளிப்பாட்டுவது, மருந்து தடவுவது, பக்கத்தில் படுப்பது எல்லாம் நீ செய். உனக்கு ஐந்தாம் வகுப்பிலேயே போட்டாயிற்று, நெற்றித் தழும்பே சாட்சி. லீவு போட்டு வீட்டில் இருக்கிறாய் என்று கேட்டதும் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? உன் அப்பா உங்கள் யாருக்காகவும் ஒரு நாள் லீவு போட்டதில்லை. ஆனால் லீவு போட்டதைச் சொன்ன வாய் அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

பொருக்கு எல்லாம் காயும் வரை குட்டியைப் பள்ளிக்கு அனுப்பாதே. நான் அங்கே வரட்டுமா? எனக்கும் சின்ன வயதிலேயே வந்து போனதுதான். வேண்டாம் என்றால் வரவில்லை.

கிணறு தூர் வாரியது, அத்தை வீட்டுக் கல்யாணம் எல்லாம் அப்புறம் எழுதுகிறேன். அவளுக்கு அம்மை வந்திருக்கிறதா இல்லையா என்று இன்றே கேட்டுச் சொல்.

அம்மா