பெண்கள் கால்பந்துக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், பிள்ளைகளோடு வந்திருக்கும் அக்கா தங்கையருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மழையால் மைதானம் மூடப்பட்ட வாரங்கள் தவிர, செவ்வாய்க்கிழமைப் பயிற்சி நிற்கவில்லை. புதுப் பந்துகள் வாங்கினோம். கோல் வலை இன்னும் கிழிந்துதான் கிடக்கிறது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டின் பெரிய நாள் 2023 ஆகஸ்ட் 12. நம் பிரிஸ்பேனிலேயே உலகக் கோப்பைக் காலிறுதி, ஆஸ்திரேலியாவும் பிரான்ஸும். டிக்கெட் கிடைக்காதவர்கள் எல்லோரும் தலைவர் வீட்டு ஹாலில் கூடினோம். 120 நிமிடம் ஆடியும் கோல் இல்லை. பெனால்டியில் அணிக்கு ஐந்து உதை முடிந்தும் சமநிலை. ஆறாவது உதையில் பிரான்ஸ் கோல் அடித்துவிட்டது. அடுத்து வந்தவர் நம் ஊர்ப் பெண், கேட்ரினா கோரி. அவர் தவறவிட்டால் அதோடு ஆஸ்திரேலியா வெளியே.

அந்த நேரம் ஹாலில் ஒருவரும் பேசவில்லை. ஏனென்றால் பழைய கதை நம்மில் பலருக்குத் தெரியும். அதற்குச் சரியாக ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 2016 ஆகஸ்ட் 12 அன்று, ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் பிரேசிலுக்கு எதிராக இதேபோல் பெனால்டி உதைக்க நின்றவர் அவர். அன்று பிரேசில் வீராங்கனை மார்த்தாவின் உதை தடுக்கப்பட்டிருந்தது; கோரி அடித்திருந்தால் ஆஸ்திரேலியா அரையிறுதிக்குப் போயிருக்கும். பிரேசில் கோல்கீப்பர் பார்பரா பிடித்துவிட்டார். மேலும் சில உதைகளுக்குப் பிறகு ஆட்டம் 7–6 என்று கைவிட்டுப் போனது. மறுநாள் கோரியின் பிறந்தநாள்.

பிரிஸ்பேனில் அவர் தவறவிடவில்லை. பந்து வலைக்குள் போனது. மேலும் சில உதைகளுக்குப் பிறகு, இந்த முறை 7–6 நமக்கு. அப்போது வந்த சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். அப்புறம் அரையிறுதியில் இங்கிலாந்திடம் 1–3 என்று தோற்றோம். ஆனாலும் ஆஸ்திரேலியப் பெண்கள் அணி உலகக் கோப்பை அரையிறுதி வரை போனது அதுவே முதல் முறை.

கோரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குள்ளமான உருவம் என்பதால் 'மினி' என்று கூப்பிடுவார்கள். நடுக்களத்தில் எதிரணியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதில் கெட்டிக்காரர். 2014இல் ஆசியாவின் சிறந்த வீராங்கனை விருது வாங்கியவர். இடையில் ஒரு கட்டத்தில் ஆட்டத்தின் மேல் இருந்த ஆசையே விட்டுப்போனது என்று அவரே சொல்லியிருக்கிறார். தனியாகவே, செயற்கைக் கருத்தரிப்பு மூலம், 2021 ஆகஸ்டில் மகள் ஹார்ப்பரைப் பெற்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவில்லை. மகள் வந்தபின்தான் ஆட்டமும் திரும்ப இனித்தது என்கிறார். கைக்குழந்தையோடு சுவீடனின் விட்ஷோ கிளப்பில் ஆடினார். 2024 ஜனவரியில் லண்டனில் வெஸ்ட் ஹாம் அணிக்குப் போனார். தேசிய அணியின் முகாம்களிலும் ஹார்ப்பர் கூடவே இருந்தாள்.

எனக்கு அந்த பெனால்டியைவிட இதுதான் பெரிது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததால்தான் அந்த அம்மாவால் ஆட முடிந்தது. பிரசவ விடுப்புக்குக் குறைந்தது 14 வாரம், சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது தர வேண்டும் என்று 2021 முதல் உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவே விதி வைத்திருக்கிறது. நம் குழுவில் யாருக்கும் சம்பளம் இல்லை. ஆனால் குழந்தை பிறந்ததும் நின்றுபோன அக்காமார் இருக்கிறார்கள். பிரான்ஸ் ஆட்டத்துக்கு அடுத்த செவ்வாய், வேலியோரம் ஸ்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு ஓர் அக்கா பயிற்சி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வாங்க என்றேன். "இவனை யார் வச்சிருப்பா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு முழுக்க அது மனதை உறுத்தியது.

ஆகவே செயற்குழு ஒரு தீர்மானம் வைக்கிறது. செவ்வாய் மாலைகளில், பயிற்சி நடக்கும் நேரம் முழுக்க, இரண்டு பேர் முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாய், விளையாட்டுச் சாமான், நொறுக்குத்தீனி சங்கச் செலவு. வலைக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் இதற்கு எடுக்கிறோம். வலை கொஞ்சம் பொறுக்கும். முதல் மாத முறைக்கு என் பெயரை எழுதிவிட்டேன். மற்ற பெயர்களுக்கான தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது.