லேபிள் மட்டும் மாறவில்லை

ஆசிரியருக்கு,

பழைய சிங்கிள் மால்ட் விஸ்கிகள் (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் தயாராபவை) புது லேபிளுடன் வருவதெல்லாம் விளம்பர வேலை என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் சரிதான். ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலுள்ள புன்னஹாவன் வடிசாலை விதிவிலக்கு. 2010-ல் அதன் 12, 18, 25 ஆண்டு விஸ்கிகளை 46.3 சதவீத ஆல்கஹாலுக்கு உயர்த்தினார்கள். குளிரவைத்து வடிகட்டுவதையும் கேரமல் நிறம் சேர்ப்பதையும் கைவிட்டார்கள். அந்த வடிகட்டலில் போய்விடும் கொழுப்பு அமில எஸ்டர்கள் என்ற சேர்மங்களுக்கு நாவில் தங்கும் கனத்தில் பங்குண்டு.

பழையதையும் புதியதையும் ஒப்பிட, வாய் குறுகிய ஒரே மாதிரிக் கோப்பைகளில் 25 மி.லி. ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மூக்கைக் கோப்பைக்குள் நுழைக்காதீர்கள், ஆல்கஹால் நெடியில் மற்ற மணங்கள் மரத்துப்போகும். முதல் மிடறு அப்படியே. பிறகு புதியதில் தண்ணீர்: பழைய புட்டி 43 சதவீதமென்றால் 2 மி.லி., 40 என்றால் 4 மி.லி. இப்படிச் சமன் செய்யாவிட்டால் காரம் கூடியதையே சுவை கூடியதாக எண்ணிவிடுவோம். பாதிக்குமேல் காலியாகி மாதக்கணக்கில் கிடந்த பழைய புட்டியை ஒப்பீட்டுக்கு எடுப்பதும் வீண். காற்றுப்பட்டு மணம் தளர்ந்திருக்கும்.

ஐஸ் போட்டதும் புதியது கலங்கினால் கலப்படம் என்று பதற வேண்டாம். வடிகட்டாத அந்த எஸ்டர்கள் குளிரில் திரள்வதுதான் அது. ஆனால் 18 ஆண்டு விஸ்கியில் ஐஸ் எதற்கு?