வேலையை விடுவதற்கு முன்னால்

முலுண்ட், மும்பை
பிப்ரவரி 2026

பாப்பாவுக்கு,

நர்சிங் ஹோம் வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்திலிருந்து மும்பைக்கே வந்துவிடுகிறேன் என்று நீ போனில் சொன்ன நாளிலிருந்து எனக்கு இதே நினைப்பாக இருக்கிறது. போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் இருவருக்கும் தொண்டை அடைத்துவிடும், கணக்குப் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். இதை ஒரே மூச்சில் படித்துவிட்டு உடனே பதில் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ட்யூட்டி இல்லாத நேரத்தில் ஒரு பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு படி.

நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசைதான். உன் அம்மா போன பிறகு அந்த ஆசை இன்னும் கூடியிருக்கிறது. அப்படியிருந்தும் சொல்கிறேன்: என்னைப் பார்த்துக்கொள்வதற்காக இப்போது வேலையை விடாதே. உடம்பு இடம் கொடுக்கிற வரை, முடிந்தால் 67 வயது வரை, அங்கேயே இரு. எனக்கு 85 ஆகிவிட்டது. நீ எனக்காக வந்து, நான் போன பிறகு இந்த ஊரில் இன்னும் 20, 25 வருடம் தனியாக இருக்க வேண்டியிருக்கும். உன் ஆச்சி 93 வரை இருந்தாள், அந்த வம்சம் நீ. ஆகவே என் 85-ஐப் பார்க்காதே, உன் 85-ஐப் பார்.

நீ அனுப்பிய பென்ஷன் தாளை மேல்மாடிப் பையனை வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் இணையப் பக்கத்தையும் படித்தோம். பென்ஷன் சுற்றறிக்கை படிப்பது எனக்குப் பழகிய வேலை. மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் யூனியனில் இருந்த காலத்திலிருந்தே செய்கிறேன். இன்றும் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் என்னிடம்தான் தாளைக் கொண்டுவருகிறார்கள்.

அந்த ஊர் அரசாங்கம் தருகிற முழு ஸ்டேட் பென்ஷன் வேண்டுமானால், சம்பளத்தில் பிடிக்கிற நேஷனல் இன்ஷூரன்ஸை 35 வருடம் கட்டியிருக்க வேண்டும். 2025-26 கணக்கில் முழுத் தொகை வாரத்துக்கு 230.25 பவுண்டு. நீ 2003-இல் போனாய். உன் கணக்கில் 21 வருடம் ஏறியிருக்கிறது. இப்போதே விட்டுவிட்டால் 35-இல் 21, அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய 138 பவுண்டு. அதுவும் இப்போது வராது. நீ 1965-இல் பிறந்தவள், உனக்கு 67-இல்தான், 2032-இல்தான் கைக்கு வரும். அதுவரை சேமிப்பை எடுத்துத்தான் சாப்பிட வேண்டும். 67 வரை வேலை பார்த்து, நடுவில் கட்டாமல் விட்டுப்போன இரண்டு வருடத்தையும் கட்டிவிட்டால் 29 வருடம் ஆகும். அதே 2025-26 கணக்கில் வாரத்துக்கு 190 பவுண்டு. வாழ்நாள் முழுக்க வாரத்துக்கு 52 பவுண்டு வித்தியாசம். நர்சிங் ஹோமில் பிடித்துச் சேர்த்த தனிப் பென்ஷன் சின்னத் தொகை. அது கைச்செலவுக்கு ஆகும், சாப்பாட்டுக்கு இதைத்தான் நம்ப வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை நீ தெரிந்துகொண்டுதான் வருகிறேன் என்கிறாயா என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பென்ஷன் இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு வருடா வருடம் ஏப்ரலில் கூடும். இந்தியாவில் குடியிருப்பவர்களுக்குக் கூடாது. எந்தத் தொகையோடு வந்தாயோ அந்தத் தொகைதான், இருபது வருடம் ஆனாலும். இந்தப் புதுப் பென்ஷன் 2016 ஏப்ரலில் ஆரம்பித்தபோது முழுத் தொகை 155.65 பவுண்டு. அன்று முழுத் தொகை வாங்கத் தொடங்கி இந்தியாவில் குடியிருக்கிற ஒருவருக்கு இன்றும் வாரத்துக்கு 155.65-தான். அதே நாளில் ஓய்வு பெற்று உன் தெருவில் இருப்பவருக்கு 2025-26-இல் 230.25. இரண்டு பேரும் கட்டின பணம் ஒன்றுதான்.

இன்னொன்றைக் கேட்டால் உனக்கு மனசு கொதிக்கும். எனக்குக் கொதித்தது. உன்னோடு நைட் ட்யூட்டி பார்க்கிற பிலிப்பைன்ஸ் அம்மா தன் ஊருக்குத் திரும்பிப் போனால், அவளுக்கு வருடா வருடம் கூடும். அந்த நாட்டோடு பிரிட்டனுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. அமெரிக்கா போனாலும் கூடும், மொரீஷியஸ் போனாலும் கூடும். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ஆஸ்திரேலியா, கனடா போனால் கூடாது. தென்னாப்பிரிக்காவில் இருந்த ஓர் அம்மா இதை எதிர்த்து லண்டனில் வழக்குப் போட்டார். தோற்றுப்போய், இன்னும் சிலரோடு சேர்ந்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2010-இல் அங்கேயும் தோற்றார்கள். ஆகவே யாராவது வழக்குப் போட்டு நாளைக்கே மாறிவிடும் என்று நம்பி வீட்டைக் காலி பண்ணாதே.

நம் நாட்டில் நகாரா வழக்கு என்று ஒன்று உண்டு. 1982 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பென்ஷன் இரக்கப்பட்டுக் கொடுக்கிற கொடை இல்லை, உழைத்தவனின் உரிமை என்றும், ஓய்வு பெற்ற தேதியை வைத்து ஒருவனுக்கு ஒரு நியாயம் இன்னொருவனுக்கு ஒரு நியாயம் என்று பிரிக்கக் கூடாது என்றும் சொன்ன தீர்ப்பு. அந்த நாளைத்தான் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுகிறோம். நான் இன்று நிமிர்ந்து நிற்பது அப்படி ஏறி வந்த பென்ஷனால்தான். 2001-இல் ஓய்வு பெற்றபோது என் கைக்கு மாதம் ஐயாயிரத்துக்கும் குறைவாகத்தான் வந்தது. வருடத்துக்கு இரண்டு முறை பஞ்சப்படி, நடுவில் இரண்டு சம்பளக் கமிஷன், 80 முடிந்ததும் 20 சதவீதம் கூடுதல், இப்போது 85-க்கு 30 சதவீதம் என்று ஏறி, இன்று நாற்பதாயிரத்தை ஒட்டி வருகிறது. அந்த ஐயாயிரம் ஐயாயிரமாகவே நின்றிருந்தால்? குடியிருப்புச் சொசைட்டிக்கு மெயின்டனன்ஸ் கட்டிவிட்டு, மருந்துக் கடைக்குப் பாதி பாக்கி சொல்லியிருப்பேன். உனக்கு வரப்போவது அப்படி நிற்கிற பென்ஷன், பாப்பா. இன்றைய பவுண்டு விலையால் பெருக்கிப் பார்த்தால் மாதம் லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் தெரிகிறது, அதுதான் கண்ணை மறைக்கிறது.

பவுண்டு விலை ஏறுமே என்று உன் தம்பி சொல்கிறான். ஏறும்தான். 2016-இல் 95 ரூபாய் அளவில் இருந்தது, இப்போது 110-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் அதே பத்து வருடத்தில் இந்த ஊரில் வாடகையும் ஆஸ்பத்திரிச் செலவும் எங்கே போய்விட்டன என்று அவனுக்கே தெரியும். பவுண்டு ஏறுவதை நம்பி ஒரு கிழவி குடும்பம் நடத்த முடியாது.

சரி, இந்த ஊரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ மனதில் வைத்திருக்கிற மும்பை, நாம் சயானில் ஒண்டுக்குடித்தனச் சாலில் இருந்த காலத்து மும்பை. கதவைச் சாத்தாமல் இருந்தோம், யார் வீட்டில் குழம்பு கொதித்தாலும் நம் வீட்டுக்கு ஒரு கிண்ணம் வரும். அந்தக் குடும்பங்களில் பாதி ஊருக்குப் போய்விட்டன, மீதி புனேவுக்கும் அமெரிக்காவுக்கும் பிள்ளைகளோடு போய்விட்டன. இங்கே முலுண்டில் என்னை எதிர்வீட்டு மராத்தி அம்மா பார்த்துக்கொள்கிறார். காலையில் பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்தால் பெல் அடிப்பார். அவருக்கும் 70 தாண்டிவிட்டது. மாட்டுங்காவுக்குப் போய்க் கோயிலில் உட்கார்ந்து வருவதைக்கூட நான் குறைத்துக்கொண்டேன். முலுண்ட் ஸ்டேஷன் படிக்கட்டும் லோக்கல் ரயில் கூட்டமும் இந்த வயதுக்கு ஆகவில்லை.

கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்கு, அதாவது இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு, போகிறது. சொசைட்டி மீட்டிங்கில் தீர்மானம் போட்டாகிவிட்டது. பில்டர் வாடகை கொடுப்பார், மூன்று வருடம் என்பார், அது எத்தனை வருடம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் நீ வந்தால் வாடகை வீட்டில்தான் இருக்க வேண்டும். வீட்டைப் பற்றி நீ கவலைப்படாதே, உயில் எழுதிப் பதிவும் பண்ணிவிட்டேன். சொசைட்டியில் நாமினி பெயர் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது, உயில்தான் பேசும். உன் தம்பிக்கும் தெரியும், அவன் முழு மனதோடு சரி என்றான்.

என்னுடைய ரயில்வே மருத்துவ அட்டை உனக்கு உதவாது. பைகுல்லா ரயில்வே ஆஸ்பத்திரியில் எனக்கு எல்லாம் நடக்கும், உனக்கு நடக்காது. எனக்குப் பிறகு குடும்பப் பென்ஷனும் உனக்கு வராது. கணவனை இழந்த மகளுக்கு உண்டுதான், ஆனால் அவளுடைய மாத வருமானம் 9,000 ரூபாயும் அதன் மேல் பஞ்சப்படியும் சேர்ந்த தொகைக்குள் இருக்க வேண்டும். ஆகவே மருத்துவத்துக்கு இன்ஷூரன்ஸ்தான். முன்னெல்லாம் 65-க்கு மேல் புதிதாக எடுப்பதே சிரமம். 2024-இல் அந்த வயது வரம்பை எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருக்கும் காலமும் அதிகபட்சம் மூன்று வருடம் என்று குறைத்தார்கள். உனக்குச் சர்க்கரை இருக்கிறது. வரப்போகிற வருடத்துக்கு மூன்று வருடம் முன்னாலேயே இங்கே ஒரு பாலிசி ஆரம்பித்துவிட்டால், நீ வந்து இறங்கும்போது அந்தக் காலம் முடிந்திருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கொடுக்கிற கம்பெனிகள் உண்டு. சர்க்கரையை மறைக்காமல் எழுது. மறைத்து எழுதிவிட்டு, ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு பணம் கிடைக்காமல் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அங்கே தனியாக இருப்பது சுலபம் என்று நான் சொல்லவில்லை. நவம்பர் மாதம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்று நீ சொல்லும்போது உன் குரலே மாறிவிடும். மாப்பிள்ளை இருந்த வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனாலும் உன் கையில் உள்ளாட்சி வாடகைக்குக் கொடுத்த ஒரு கவுன்சில் வீடு இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம், வரிசை அவ்வளவு நீளம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். மருந்து, டாக்டர், ஆஸ்பத்திரி எல்லாம் அங்கே குடியிருக்கிற வரை உன் உரிமை. வருமானம் குறைந்தால் பென்ஷன் கிரெடிட் என்று மேலே போட்டுத் தருகிறார்கள், ஆனால் அது அங்கே வசிப்பவர்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டில் நாலு வாரத்துக்கு மேல் தங்கினால் பொதுவாக அது நின்றுவிடும். அதை வாங்குவதாக இருந்தால் இங்கே வருகிற நாட்களை அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொள்.

ஆகவே நான் யோசித்தது இப்படி. வேலையை விடாதே, ஆனால் நைட் ட்யூட்டியைக் குறைத்துக் கேள். முழங்கால் வலிக்கு அதுவே பாதி வைத்தியம். வருடத்துக்கு ஒரு தடவை லீவு சேர்த்து வா, இங்கே இருந்து என்னோடு சாப்பிடு, திரும்பிப் போ. 67-இல் பென்ஷன் தொடங்கிய பிறகும் சில வருடம் அங்கேயே வைத்து வாங்கு. ஏனென்றால் நீ எந்த வருடம் கிளம்பி வருகிறாயோ அந்த வருடத் தொகையில்தான் அது நிற்கும், தள்ளி வந்தால் கூடின தொகையில் நிற்கும். வந்த பிறகு இங்கே ஒத்துவரவில்லை, திரும்ப அங்கே போய்க் குடியிருக்கிறேன் என்றால், அன்றைய முழு விகிதம் மறுபடி வரும். அந்த வழி எப்போதும் திறந்திருக்கட்டும். அங்கே உள்ள பாங்க் கணக்கை மூடாதே. அவர்கள் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்புகிற உயிர்ச் சான்றுத் தாளைத் திருப்பி அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். நான் நவம்பரில் போனில் முகத்தைக் காட்டி முடிக்கிற அதே வேலைதான், அங்கே தாளில்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்பா என்னை வர வேண்டாம் என்கிறார் என்று நினைத்துவிடாதே. நீ வந்தால் நான் ஸ்டேஷன் படியைக்கூட ஏறி வந்து நிற்பேன். நான் கேட்பது, நீ வருகிற நாளில் யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் வர வேண்டும் என்பதுதான்.

இப்போது அவசரமான ஒரு வேலை. மாப்பிள்ளை படுக்கையில் இருந்தபோது நீ லீவு போட்ட அந்த இரண்டு வருடமும், 2019-20, 2020-21, தாளில் காலியாக இருக்கின்றன. பழைய வருடத்துக்கு ஆறு வருடம் வரைதான் பின்னால் போய்க் கட்ட முடியும். 2019-20-க்கான கடைசி நாள் இந்த 2026 ஏப்ரல் 5. ஒரு வருடத்துக்கு 2025-26 விகிதத்தில் 923 பவுண்டு, பழைய வருடத்துக்குக் கொஞ்சம் மாறலாம். ஒரு வருடம் கூடினால் பென்ஷன் வாரத்துக்கு 6.58 பவுண்டு கூடும், வருடத்துக்கு 342. மூன்று வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். கட்டுவதற்கு முன்னால் அவர்களுடைய பென்ஷன் சென்டருக்குப் போன் பண்ணி, இந்த வருடத்தைக் கட்டினால் என் பென்ஷன் உண்மையிலேயே கூடுமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள். கூடும் என்றால் இரண்டையும் கட்டு. கையில் அவ்வளவு இல்லையென்றால் சொல், இந்த மாதப் பஞ்சப்படி பாக்கி வந்திருக்கிறது, உன் தம்பி மூலமாக அனுப்பி வைக்கிறேன். கட்டிய ரசீதை எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா