யோசிக்காம செய்யறதைப் பத்தி, மச்சானுக்கு

டேய் மச்சான்,

நல்லா இருக்கியா? உன் மெசேஜ் வந்து கொஞ்ச நாளாச்சு, உடனே பதில் போடணும்னுதான் நினைச்சேன், ஆனா நீ கேட்டிருந்தது ரெண்டு வரில முடியற சமாச்சாரம் இல்ல, அதான் லெட்டராவே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவளுக்கு வேலை கிடைச்சிடுச்சு, சின்னவன் என்ன படிக்கறதுன்னு இன்னும் முடிவு பண்ணல, என் முட்டி வலி அப்படியேதான் இருக்கு. உனக்கு பிபி குறைஞ்சிருக்குன்னதும் நிம்மதியா இருந்துச்சுடா, அது அந்த தியான கிளாஸாலயா இல்ல வேலைய விட்டதாலயான்னு நான் கேக்க மாட்டேன்.

"மனசுல முதல்ல என்ன வருதோ அதைச் செய், யோசிச்சா நான்ங்கற நினைப்பு உள்ள வந்துடும், இதுவே ஆன்மிகப் பயிற்சி"ன்னு உங்க ஆசிரியர் சொல்றார்னு எழுதியிருந்த. பாதி ஒத்துக்கறேன். மீதி பாதிலதான் சண்டை.

ஒத்துக்கற பாதிய முதல்ல சொல்றேன். போன வாரம் பஸ்ல நின்னுட்டு வந்தேன், பக்கத்துல ஒரு பொண்ணு இடுப்புல குழந்தையோட, டிரைவர் சடன் பிரேக் போட்டார், குழந்தை அப்படியே பின்னால சாயுது, என் கை போய் அது முதுகைத் தாங்கிடுச்சு. நான் கையை அனுப்பலடா, அது போய்ச் சேர்ந்த அப்புறம்தான் எனக்கே தெரியும். அடுத்த செகண்டே உள்ளருந்து ஒருத்தன் எட்டிப் பாக்கறான், அந்தம்மா நம்மளப் பாத்தாங்களா, தேங்க்ஸ் சொல்லுவாங்களான்னு. செஞ்சவன் வேற, பேரு வாங்க வந்தவன் வேற. இடுப்புத் துணி நழுவுனா கை தானா போய்ப் பிடிக்குமே, நட்புக்கு வள்ளுவர் அதைத்தானே சொன்னார், அந்தக் கை எதையும் கணக்குப் பாக்கறதில்ல. சீனத்துல மென்சியஸ்ங்கற பழைய காலத்து தத்துவ ஞானியும் இப்படித்தான் ஒண்ணு சொல்லியிருக்கார், கிணத்துல விழப்போற குழந்தையப் பாத்தா யாருக்கும் மனசு பதறும், பெத்தவங்க தயவு கிடைக்கும்னோ ஊர்ல நல்ல பேரு வரும்னோ இல்ல, சும்மாவே பதறும்னு.

ஆனா கேளு, அதே பிரேக்ல ஒரு ஸ்கூல் பையன் தடுமாறி ஒருத்தர் கால மிதிச்சுட்டான். அந்த ஆள் வாய்லருந்து வந்துச்சு பாரு ஒரு வார்த்தை, அந்தப் பையன் முகம் சுருங்கிப் போச்சு. அதுவும் யோசிக்காம வந்ததுதான், என் கையவிட வேகமாவே வந்துச்சு. உங்க ஆசிரியர் கணக்குல ரெண்டும் ஒண்ணா?

ஜுவாங்ஸிங்கற இன்னொரு சீன ஞானி சொன்ன மாடு வெட்டற சமையக்காரர் கதைய உங்க கிளாஸ்ல சொல்லியிருப்பாங்களே. ஒரே கத்திய 19 வருஷமா வச்சிருக்கார், இப்பதான் சாணை பிடிச்ச மாதிரி இருக்கு, ஏன்னா எலும்புக்கு நடுவுல இருக்கற இடைவெளில மட்டும் கத்தி போகுது, கண்ணால கூட பாக்கறதில்லன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதே கதைல அவரே இன்னொண்ணும் சொல்றார், சிக்கலான இடம் வந்தா நான் நிதானிப்பேன், கண்ணை அங்கயே வச்சு கத்திய மெல்ல மெல்ல நகத்துவேன்னு. இதை யாரும் சொல்றதில்ல, ஏன்னே தெரியல. ஆரம்பத்துல அவரும் மாட்ட முழு மாடாத்தான் பாத்தாராம், அது மாறவே மூணு வருஷம் ஆகியிருக்கு.

அமெரிக்காவுல சார்லஸ் லிம்ப்னு ஒரு டாக்டர், 2008ல வந்த அவங்க ஆய்வுல, ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை ஸ்கேன் மெஷின்ல படுக்க வச்சு சின்ன கீபோர்டு குடுத்து மனோதர்மமா வாசிக்கச் சொன்னாங்க. தன்னைத்தானே கண்காணிச்சுத் திருத்தற வேலைல பங்கு இருக்கற முன்மூளைப் பகுதி அப்ப அடங்கிப் போச்சு. அந்தக் காவக்காரன் ஒதுங்குனான் சரி, ஆனா அவங்க ஆறு பேரும் தொழில்முறைக் கலைஞர்கள், விரல்ல வருஷக்கணக்கா சாதகம் ஏறியிருக்கு. நானும் நீயும் அதே மாதிரி யோசிக்காம கீபோர்டுல கை வச்சா பக்கத்து வீட்டுக்காரன் வந்து கதவத் தட்டுவான்.

எனக்கு உண்மையாவே பயமா இருக்கறது ஜப்பான் கதைதான். 17ஆம் நூற்றாண்டுல டாகுவான்னு ஒரு ஜென் துறவி, ஜென்னா தியானத்த முக்கியமா வச்ச பௌத்த வழி, யாக்யூ முனெனோரிங்கற வாள்வீரருக்கு எழுதறார், மனசு எங்கயும் நிக்கக் கூடாது, எதிராளியோட வாள்ல போய் நின்னா அங்கயே நீ மாட்டுவன்னு. தியானத்துக்கு இதவிட நல்ல அறிவுரை இல்ல. ஆனா நிக்காத மனசுக்கு எதிர்ல நிக்கறவன் யாருன்னும் தெரிய வேண்டாம்னு ஆயிடுச்சுன்னா? ரெண்டாம் உலகப்போர் சமயத்துல இதே ஜென் பேச்சு, நான்ங்கறது இல்ல, கேள்வி கேக்காம கட்டளைய நிறைவேத்துங்கற அளவுக்குப் போச்சு. அந்தப் போர்ல தங்களுக்கு இருந்த பங்குக்காக சோட்டோ ஜென் பிரிவு 1992ல வெளிப்படையா மன்னிப்பு கேட்டுச்சு. அவங்களுக்கும் தியானம் தெரியாமலா இருந்துச்சு?

இதுக்கு நம்ம பரணர்கிட்ட ஒரு பதில் இருக்குடா, ஸ்கூல்ல படிச்சு மறந்துட்டோம். மயிலுக்குப் போர்வை குடுத்தானே பேகன், அவனைப் பத்தி புறநானூறு 142ல. குடுக்கற விஷயத்துல அவன் முன்னபின்ன யோசிக்காத மடையன், ஆனா எதிரிப் படை வந்து மோதுனா அங்க அந்த மடத்தனம் கிடையாதுன்னு பாடறார். எனக்கு இது போதும். கை குடுக்கப் போகுதா, போகட்டும், நடுவுல நான் வந்து கேள்வி கேக்கல. அடிக்கப் போகுதா, நாக்கு கடிக்கப் போகுதா, அங்க ஒரு நிமிஷம் நிறுத்தறேன், அந்த நிறுத்தத்துல என் ஆணவம் கொஞ்சம் உள்ள வந்தா வந்துட்டுப் போகட்டும், ஒண்ணும் குடி முழுகிடாது. இதுல உனக்கு எது உறுத்துதுன்னு எழுது, நீ சும்மா தலையாட்டற ஆள் இல்ல.

அப்புறம் ஒரு வேலை பண்ணு. அடுத்த கிளாஸ்ல அந்தப் பஸ் கதைய அப்படியே சொல்லி, என் கையும் அந்த ஆள் வாயும் ஒண்ணான்னு உங்க ஆசிரியர்கிட்டயே கேளு. உடனே பதில் சொல்றாரா, இல்ல கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுச் சொல்றாரான்னு மட்டும் எனக்கு போன் பண்ணிச் சொல்லு. ராத்திரி ஒம்பதுக்கு மேல பண்ணாத, இவ திட்டுவா.

உன்
மச்சான்