கனடாப் பார்சலும் என் இடுப்பும்

கிளிநொச்சி

அன்பின் ரதி,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு மூட்டு வலி மட்டும் பழையபடி. உன் பார்சல் வந்து சேர்ந்தது. சொக்லேட்டைப் பிள்ளைகள் அன்றைக்கே முடித்துவிட்டார்கள். மிச்சம் குளிசைப் போத்தல்கள்தான். எடி, கோபிக்காமல் வாசி.

எல்லாப் போத்தலையும் ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசில் நடக்கிற பெண்கள் கிளினிக்குக்குப் போனேன். இடுப்பளந்த மிஸ், "டீச்சர், மூச்சை உள்ளுக்கு இழுக்காதேங்கோ" என்றார். இழுத்தும் 80 சென்டிமீற்றருக்குள் வரவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அதுதானாம் எல்லை. நிறை பரவாயில்லை என்றாலும், வயிறு கூடினால் சீனியும் பிரசரும் பின்னால் வருமாம். என்னை நெத்தலி என்று கூப்பிட்ட பாமாவுக்கு மட்டும் இதைச் சொல்லிவிடாதே.

பிறகு டொக்டர் பிள்ளை போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தாள். மீனெண்ணெய், விற்றமின், கல்சியம் ஒன்றும் நிறையைக் குறைக்காதாம். கல்சியத்தை வைத்துக்கொள்ளுங்கோ, ஆனால் தைரொயிட் குளிசை போட்டு 4 மணித்தியாலம் கழித்துத்தான், இல்லாவிட்டால் அந்தக் குளிசை உடம்பில் சேராது என்றாள். தலைமயிருக்கென்று அனுப்பினாயே, அதில் பயோட்டின் இருக்கிறது. அதை விழுங்கிக்கொண்டு இரத்தம் சோதித்தால் தைரொயிட் முடிவே பிழையாக வரலாமாம். நீயும் தைரொயிட்டுக்குப் போடுகிற ஆள்தானே? அடுத்த சோதனைக்கு முன்னம் உன் டொக்டரிடம் கட்டாயம் சொல்லு.

இனி உன் மெலிவுக் கப்சூல். கார்சீனியா என்று பெரிதாக எழுதி, குட்டிப் பூசணி போல மஞ்சள் பழம் ஒன்றின் படமும் போட்டிருக்கிறது. எடி, அது கொறுக்காய்ப்புளி! சிங்களச் சனம் மீன் கறிக்குப் போடுகிற அதே கறுப்புக் கொறுக்காய். இங்கே சந்தையில் வாங்குகிற சாமானுக்கு அங்கே டொலர் கொடுத்திருக்கிறாய். கறிக்குப் போட்டால் ஒன்றும் செய்யாது. செறிவாக்கிக் கப்சூலில் அடைத்து விழுங்கிய சிலருக்கு ஈரல் பழுதாகியிருக்கிறது. நிறையும் சொல்லும்படி குறைவதில்லை. இயற்கை என்று போத்தலில் போட்டிருக்கிறது என்று சொல்லாதே, அலரி விதையும் இயற்கைதான்.

மூத்தவள் போனில் தேடி வாசித்தாள்: அமெரிக்காவில் ஒரு மெலிவு மருந்தை ஈரலைக் கெடுக்கிறதென்று கடைகளிலிருந்து திரும்ப எடுத்தது 2009 மே மாதமாம். யுத்தம் முடிந்த அந்த மே மாதம் நாங்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்றோம். அதற்குப் பிறகு கோப்பையில் சோறு மிச்சம் விட எனக்குக் கை வருவதில்லை. பிள்ளைகள் விடுவதையும் நான்தான் வழித்துச் சாப்பிடுகிறேன். அம்மாவுக்கோ நான் பருத்தது இன்னும் சந்தோசம். "இப்பத்தான் மனிசி மாதிரி இருக்கிறாய்" என்கிறார். நான் என்ன சொல்ல?

சரி, டொக்டர் பிள்ளை சொன்ன மிச்சத்தையும் கேள். 30 வயதுக்குப் பிறகு தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகுமாம், மாதவிடாய் நிற்கிற வயதில் கொழுப்பு வயிற்றில் வந்து சேருமாம். நடந்தால் மட்டும் போதாது, பாரமும் தூக்க வேண்டும் என்றாள். கிணற்றுக்கு மோட்டர் போட்டபிறகு நான் தூக்குகிற பாரம் மாணவர் கொப்பிகள்தான். சோற்றைக் குறைத்து முட்டை, பருப்பு, மீனைக் கூட்டச் சொன்னாள். குரக்கன் புட்டென்றால் எவ்வளவும் தின்னலாம் என்கிற சின்னம்மாவின் கதையை நம்பாதே. கல்சியமும் நார்ச்சத்தும் அதில் கூட, ஆனால் கலோரியில் அரிசிமாவுக்குக் கிட்டத்தட்டச் சமம்.

உனக்கு ஞாபகமா, எண்ணெய் கிடைக்காத காலத்தில் அக்கராயனிலிருந்து மல்லாவிக்குச் சைக்கிள் மிதித்தோமே? 2022 இல் பெற்றோல் இல்லாமல் போனபோதும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனேன். சாறி பிளவுசெல்லாம் தளர்ந்தது. பெற்றோல் வந்தது, ஸ்கூட்டியில் ஏறினேன், பிளவுசைப் பிரித்துத் தைக்கக் கொடுத்தேன். இப்போது காற்றடித்துச் சைக்கிளை வாசலில் விட்டிருக்கிறேன். சின்னவன் பார்த்துச் சிரிக்கிறான்.

கொறுக்காய்க் கப்சூலைக் கொட்டிவிட்டேன், உன் காசை நினைக்க அந்தரமாகத்தான் இருந்தது. உன்னிடமும் இருந்தால் நீயும் கொட்டு. அடுத்த பார்சலில் குளிசை வேண்டாம், நடக்கிற சப்பாத்து ஒரு சோடி அனுப்பு. உன் காலளவுதான் எனக்கும், அது மட்டும் இன்னும் பருக்கவில்லை. பாமா சித்திரைக்கு வருகிறாளாம். நீ வருகிறாயா இல்லையா?

அன்புடன்,
வசந்தி